செஞ்சோற்றுக் கடனும் பிறந்த மண்ணும்

செஞ்சோற்றுக் கடன் என்பது நம் மொழியிலே பழமை வாய்ந்ததொரு சொற்றொடர். ஒருவன் இட்ட சோற்றை உண்டு வளர்ந்தவன், அவனுக்கு இடர் வந்த காலத்துத் தன் உயிரைக் கொடுத்தேனும் அவன் பக்கம் நிற்றல் வேண்டும் என்பது அதன் கருத்து. பாரதக் கதையிலே கர்ணன் இக்கடனுக்கு எடுத்துக்காட்டாய் நிற்கின்றான். எதிர்ப்பக்கத்தில் நிற்போர் தன் உடன்பிறந்தார் என்பதை அறிந்த பின்னரும், தனக்கு வாழ்வளித்த துரியோதனனை விட்டு அகலாது, அவன் பொருட்டே களத்தில் வீழ்ந்தான். அவன் செய்தது தக்கதோ என்று வினவுவோர் உண்டு. அவனுக்காகக் கண் கலங்காதார் இலர். ஏனெனில், அவன் இரண்டு கடன் பட்டவன். உண்ட சோற்றுக்குப் பட்ட கடன் ஒன்று. பிறந்த குடிக்குப் பட்ட கடன் மற்றொன்று. ஒன்றைத் தீர்க்கப் புகின் மற்றொன்று தீராது நின்றது. அவ்விடர்ப்பாடே அவன் கதையின் துயரம்.

இவ்விடர்ப்பாடு இதிகாச காலத்தோடு ஒழிந்ததன்று. பிழைப்பை நாடிப் பிறர் நாடு புகுவோர் யாவர்க்கும் அது சிறிதாகவோ பெரிதாகவோ இன்றும் நேர்கின்றது. அவர்களுள் ஒருவர் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்கக் கருதினோம். அவர் அரசரல்லர், போர்வீரரும் அல்லர், கால்பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட ஆப்கானியர். ஷரீஃப் முகம்மது என்பது அவர் பெயர். அவரை யாம் நேரிற் கண்டதில்லை. ஆயினும், அவர் பெயரால் எம் தெருவிலே ஓரிரவு ஒரு வழக்கு எழுந்தது. அவ்வழக்கைக் கற்றோர் அவையின் முன் வைத்து, அதன்கண் எமக்குத் தோன்றிய தீர்ப்பையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் ஊர் சங்கரன்கோவில். 2019ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, அவ்வாண்டு முதல் தென்காசி மாவட்டத்துள் அடங்கியது. சுற்றிலும் கரிசல் நிலம். வானத்தை நம்பிய வேளாண்மை. நகருள்ளே விசைத்தறிகளின் ஓயாத ஓசை. அத்தகைய ஊரிற் பிறந்த சிறுவர்க்கு ஆப்கானிஸ்தானம் என்னும் நாடு பாட நூலில் வருவதற்கு முன்னரே அடுக்களையில் வந்துவிடுகின்றது. சாம்பாரிலும் இரசத்திலும் மணக்கும் பெருங்காயத்திற்கு மூலமாகிய பால், அந்நாட்டின் மலைப்புறங்களிலும் ஈரான் முதலிய அண்டை நாடுகளிலும் வளரும் ஒருவகைச் செடியின் வேரினின்றும் எடுக்கப்படுவது. நோயுற்றார்க்கு வாங்கிக் கொடுக்கும் உலர்ந்த அத்திப்பழமும் அந்நாட்டினின்று வருவதுண்டு. இங்ஙனம் எம் வீட்டுச் சோற்றிலே அவர் நாட்டு மணம் நெடுநாளாகக் கலந்தே இருக்கின்றது. அந்நாட்டார் ஒருவர் நம் நாட்டுச் சோற்றை உண்ண வந்த கதையே இனி வருவது.

கால்பந்தாட்டத்திற்கு ஆப்கானியர் புதியவர் அல்லர். 1948ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் போட்டியில் அவர்களும் ஆடினர். லக்ஸம்பர்க் குழுவிடம் ஆறு கோல்கள் வாங்கித் தோற்றனர். அதே போட்டியில்தான் விடுதலை பெற்ற இந்தியாவும் தன் முதல் ஆட்டத்தை ஆடிற்று. பிரான்சிடம் 2-1 என்னும் கணக்கில் தோற்றது. இந்தியாவின் அவ்வொரு கோலை அடித்தவர் சாரங்கபாணி இராமன். ஆகவே இரு நாட்டாரும் ஏறக்குறைய ஒரே வாயிலில் ஒரே காலத்தில் உட்புகுந்தவரே. அதன்பின் அவர்கள் சென்ற வழிதான் வேறாயிற்று. 1979இன் இறுதியில் சோவியத் படை அந்நாட்டினுட் புகுந்தது. அதனைத் தொடர்ந்து போரும், போரின்மேற் போரும் வந்தன. 1984ஆம் ஆண்டிற்குப் பின் ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் ஆப்கானியரின் தேசியக் குழு பிற நாட்டாரோடு பொருதும் களத்தையே காணவில்லை. 1996 முதல் 2001 வரை நடந்த தாலிபான் ஆட்சியில், காபூலிலுள்ள காஸி விளையாட்டரங்கம் மக்கள் முன்னிலையிற் கொலைத் தண்டனை நிறைவேற்றும் இடமாக ஆக்கப்பட்டது. பந்து உருள வேண்டிய புல்லின்மேல் மனிதக் குருதி சிந்திற்று.

அத்தகைய நிலத்தினின்றும் அவ்வாட்டம் மீண்டும் தளிர்த்தது வியப்பிற்குரியது. தெற்காசியக் கோப்பைப் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தியாவும் ஆப்கானிஸ்தானமும் மும்முறை எதிர்நின்றன. 2011ஆம் ஆண்டு தில்லியில் இந்தியா 4-0 என்று எளிதில் வென்றது. 2013ஆம் ஆண்டு செப்டம்பரில் காத்மாண்டு நகரில் ஆப்கானியர் 2-0 என்று அத்தோல்வியைத் திருப்பிக் கொடுத்தனர். அதுவே அவர்கள் பெற்ற முதற் பெருங்கோப்பை. 2016ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் திருவனந்தபுரத்தில், மேலதிக நேரமும் ஆடிய பின்னர், இந்தியா 2-1 என்று வென்றது. இவ்வளவு முன்னேறிய பின்னும் அவர்களுக்கு இல்லாதது ஒன்றுண்டு. தம் மண்ணில் ஒரு களம். இந்தியாவோடு அவர்கள் தம் முறைக்கு ஆட வேண்டிய தகுதிச்சுற்று ஆட்டங்கள் 2019இல் தஜிகிஸ்தானத்துத் துஷான்பே நகரிலும், 2024இல் சவூதி அரேபியாவின் அபா நகரிலும் நடந்தன. விருந்தினரை அழைத்துவிட்டு அடுத்த வீட்டிலே இலை போடும் நிலை அவர்கள் நிலை.

தம் நாட்டிலே களம் இல்லாதவர் பிறர் நாட்டுக் களங்களில் ஆடித்தானே பிழைத்தல் வேண்டும்? ஷரீஃப் முகம்மதும் அவ்வாறு பிழைத்தவரே. ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதியிலுள்ள மகச்சகலா நகரத்து அஞ்சி என்னும் குழுவில் ஆடினார். அதன்பின் சுவீடன் நாட்டு எஸ்கில்ஸ்துனா நகரக் குழுவிற்கு ஆடினார். மாலத்தீவின் மாஸியா குழுவிற்கும் ஆடினார். பனி பெய்யும் நாடு ஒன்று, கடல் சூழ்ந்த நாடு மற்றொன்று. உடையின் நிறமும் பேச்சும் உணவும் மாறின. தொழில் ஒன்றே மாறாது நின்றது. அவர் ஆடிய இடம் நடுக்களத்தின் பின்பகுதி. எதிரியின் பந்தை இடைமறித்துப் பறித்துத் தம்மவர்க்கு அளிப்பது அவ்விடத்தில் நிற்பவரின் கடமை. கோல் அடிப்பவர்க்குக் கிடைக்கும் ஆரவாரம் அவர்க்குக் கிடைப்பதரிது. வீட்டிலே சமைப்பவர் போல, அவர் இல்லாத நாளில்தான் அவர் அருமை தெரியும்.

2020-21ஆம் ஆண்டுப் பருவத்திற்காக அவர் நம் அண்டை நாடாகிய கேரளத்திற்கு, கோழிக்கோட்டைத் தலைமையிடமாகக் கொண்ட கோகுலம் கேரளா என்னும் குழுவிற்கு வந்து சேர்ந்தார். அக்குழு 2017ஆம் ஆண்டில் தோன்றிய இளங்குழு. பெருந்தொற்றுக் காலமாகையால் அவ்வாண்டு ஐ-லீக் போட்டி முழுதும் வங்காளத்திலேயே நடத்தப்பட்டது. 2021 மார்ச் 27ஆம் நாள் இறுதிச் சுற்று. அன்று காலை கோகுலம், கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ், மணிப்பூரின் ட்ராவ் ஆகிய மூன்று குழுக்களும் 26 புள்ளிகளோடு சமமாய் நின்றன. கோகுலம் எதிர்த்தாட வேண்டியது ட்ராவ் குழுவை. ஆட்டத்தின் முற்பகுதியிலேயே ட்ராவின் வித்யாசாகர் சிங் ஒரு கோல் அடித்துவிட்டார். நேரம் கடந்துகொண்டே இருந்தது. ஏறத்தாழ 70ஆம் நிமிடத்தில் கோகுலத்திற்கு ஒரு பிரீ கிக் கிடைத்தது. அதனை உதைக்க முன்வந்தவர் நம் ஆப்கானியர். பந்து வலைக்குட் புகுந்தது. அடைபட்டிருந்த மடை உடைந்தாற்போல, சில நிமிடங்களுக்குள் எமில் பென்னியும் டென்னிஸ் ஆன்ட்வியும் ஆளுக்கொன்று அடித்தனர். முடிவில் முகம்மது ரஷீத் ஒன்று அடித்தார். 4-1 என்று கோகுலம் வென்றது. சர்ச்சில் குழுவும் அன்று வென்று 29 புள்ளிகளில் உடன் நின்றதாயினும், அவ்விரு குழுக்களும் தம்முள் ஆடிய ஆட்டங்களின் கணக்கு கோகுலத்திற்குச் சார்பாய் இருந்தது. ஐ-லீக் கோப்பை முதன்முறையாகக் கேரளத்திற்குச் சென்றது.

எம் தமையனார் அக்காலத்துக் கோழிக்கோட்டில் ஒரு துணிக்கடையிற் பணி செய்துகொண்டிருந்தார். எம் ஊரினின்று செங்கோட்டைக் கணவாய் வழியே கேரளம் சென்று பிழைப்பார் தொகை சிறிதன்று. அன்று மாலை கடையிலிருந்தோர் அனைவரும் ஒரு கைப்பேசியைச் சூழ்ந்து நின்றதையும், அந்த பிரீ கிக் வலையில் விழுந்தபோது முதலாளியும் வேலையாளும் ஒருவரை ஒருவர் தழுவிக்கொண்டதையும் அவர் எமக்குத் தொலைபேசியிற் கூறினார். "தம்பி, அடித்தவன் ஆப்கானிஸ்தான்காரன், ஆடிப்பாடுகிறவர்கள் மலையாளத்தார், நடுவில் நின்று கைதட்டினவன் சங்கரன்கோவில்காரன்" என்று சொல்லிச் சிரித்தார். அன்று முதல் ஷரீஃப் முகம்மது எம் வீட்டில் பெயர் சொல்லிப் பேசப்படும் மனிதரானார்.

அதே ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் காபூல் மீண்டும் தாலிபான் கைப்பட்டது. மறுநாள் அந்நகர விமான நிலையத்தில் ஓடத் தொடங்கிய அமெரிக்க விமானத்தின் புறத்தைப் பற்றிக்கொண்டு பலர் உயிர் தப்ப முயன்றனர். அங்ஙனம் வீழ்ந்து மாண்டவர்களுள் ஸாகி அன்வரி என்னும் பதினேழு வயதுச் சிறுவரும் ஒருவர். ஆப்கானிஸ்தானத்தின் இளையோர் தேசியக் குழுவில் கால்பந்து ஆடியவர் அவர். அச்செய்தி வந்தபோது எமக்கு வயது பதினைந்து. எம்மினும் இரண்டாண்டே மூத்தவர், எம்மைப் போலவே பந்தை உதைத்து மகிழ்ந்தவர், வானத்தினின்று விழுந்து இறந்தார் என்பதை எண்ணி எண்ணி அன்றிரவு உறங்காது கிடந்தோம். விளையாட்டு வெறும் விளையாட்டுத்தானே என்று கூறுவார்க்கு எம்மால் தரக்கூடிய விடை அச்சிறுவர் பெயர் ஒன்றே. சிலர்க்கு அது பொழுதுபோக்கு. சிலர்க்கு உலகத்தினுட் புகும் வாயில்.

அவ்வாண்டுப் பருவத்திலும் ஷரீஃப் முகம்மது கோகுலத்திலேயே இருந்தார். குழுவின் தலைவராகவும் ஆனார். தாய்நாடு தீப்பற்றிய காலத்தில் பிறர் நாட்டுக் குழுவொன்றின் பொறுப்பைத் தோளில் ஏற்றுக்கொண்டு நின்றவர் நெஞ்சில் என்ன இருந்தது என்பதை யாம் அறியோம். செயல் ஒன்றே அறிவோம். 2022 மே 14ஆம் நாள் கல்கத்தாவில் முகம்மதன் ஸ்போர்ட்டிங் குழுவை 2-1 என்று வென்று, கோகுலம் மீண்டும் ஐ-லீக் கோப்பையைப் பெற்றது. 2007ஆம் ஆண்டு ஐ-லீக் என்னும் பெயர் வந்த நாள்தொட்டு அடுத்தடுத்து இருமுறை வென்ற குழு அதற்கு முன் இல்லை.

இனி, வழக்கு எழுந்த இரவிற்கு வருவோம். 2024 மார்ச் 26. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் குவஹாத்தி நகரில் இந்தியாவும் ஆப்கானிஸ்தானமும் ஆடின. உலகத் தரவரிசையில் இந்தியா 117ஆம் இடம். ஆப்கானிஸ்தானம் 158ஆம் இடம். அவர்களுடைய முன்னணி ஆட்டக்காரர் பலர் தம் நாட்டுக் கால்பந்துச் சங்கத்தோடு முரண்பட்டு வாராதிருந்தனர். எதிரே சுனில் சேத்ரி. அவர்க்கு அது 150ஆவது நாட்டாட்டம். யாம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்துச் சில நாளே ஆகியிருந்தமையால், தறிக்கூடத்துத் திண்ணையில் தோழரோடும் உறவினரோடும் கூடியமர்ந்து அவ்வாட்டத்தைக் கண்டோம். 38ஆம் நிமிடத்தில் சேத்ரி பெனால்ட்டி உதையால் கோல் அடித்தார். தறியோசைக்கு மேலே எங்கள் ஓசை எழுந்தது. 70ஆம் நிமிடத்தில் ரஹ்மத் அக்பரி அதனைச் சமன் செய்தார். 88ஆம் நிமிடத்தில் ஆப்கானியர்க்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. உதைக்க வந்து நின்றவரைக் கண்டதும் எம் தமையனார், அப்போது விடுமுறைக்கு ஊர் வந்திருந்தவர், "இவன் நம்ம கோகுலத்து ஷரீஃப்" என்றார். மறுகணம் பந்து வலையில் இருந்தது. இந்தியா 2-1 என்று தோற்றது.

திண்ணையில் சற்று நேரம் பேச்சில்லை. பின்னர் எம் தோழர் ஒருவர் வெகுண்டு, "உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தான்" என்றார். மற்றொருவர், "நம் நாட்டில் இரண்டு வருஷம் சம்பளம் வாங்கி, நம் ஆட்டத்தைப் படித்துக்கொண்டு, நம்மையே அடித்தான்" என்றார். ஆப்கானியர்க்குப் பயிற்சி அளித்தவராகிய ஆஷ்லி வெஸ்ட்வுட் என்னும் ஆங்கிலேயரும் பெங்களூர்க் குழுவைப் பயிற்றி இருமுறை ஐ-லீக் கோப்பை பெறச் செய்தவர் என்பதை ஒருவர் நினைவூட்டவே, சினம் இருமடங்காயிற்று. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்னும் பழமொழி பலர் வாயில் வந்தது. எம் தமையனார் மட்டும் ஒன்றும் பேசாது கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் மௌனத்தின் காரணம் எமக்கு விளங்கிற்று. அவர் உண்ணும் சோறும் ஊருக்கு வெளியிலுள்ள சோறே அன்றோ?

அவ்வேளையில் எம் பெரியப்பா வாய் திறந்தார். அவர் இளமையிற் கேரளம் சென்று பல்லாண்டு மூட்டை சுமந்து பிழைத்தவர், எழுத்தறிவு குறைந்தவர். "ஏலே, அவன் அங்கே கூலி வாங்கின நாளில் வேலையை ஒழுங்காகப் பார்த்தானா இல்லையா, அதைச் சொல்லுங்கள்" என்றார். பார்த்தான் என்று எம் தமையனார் கூறினார். "பார்த்தான் என்றால் அந்தக் கணக்கு அன்றைக்கே தீர்ந்தது. கூலி கொடுப்பவன் உழைப்பை வாங்கலாம். பிறப்பையும் சேர்த்தா வாங்க முடியும்?" என்றார். பின்னர் 2011ஆம் ஆண்டின் இறுதியில், முல்லைப்பெரியாறு அணை பற்றித் தமிழரிடையும் மலையாளத்தாரிடையும் கொதிப்பு எழுந்த காலத்தில், உடன் வேலை செய்த ஒருவன் தம்மை நோக்கி, நீ எந்தப் பக்கம் என்று கேட்டதைக் கூறினார். "இந்த மூட்டையை இறக்கிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கேட்டவன் அடுத்த மூட்டைக்கு எனக்காகத் தலைப்பாகையோடு நிற்கிறான்" என்று கூறி நகைத்தார். நாங்களும் நகைத்தோம். ஆட்டத்தின் கசப்பு ஒருவாறு தணிந்தது.

ஆயினும் அவ்வினா எம்மை விட்டு அகலவில்லை. கல்லூரிக்கு வந்து தமிழ் கற்கத் தொடங்கிய பின்னர், செஞ்சோற்றுக் கடன் என்னும் சொல் எதிர்ப்படுந்தோறும் குவஹாத்திக் களமே கண்முன் வந்தது. கர்ணனையும் ஷரீஃபையும் ஒப்பவைத்து நோக்கினோம். நோக்குமிடத்துப் புலப்பட்டது இது. கர்ணனுக்கு இரு கடன்களும் ஒரே நாளில், ஒரே களத்தில், ஒரே வில்லின்மேல் வந்து நின்றன. ஆகலின் ஒன்றைக் கொடுத்தவன் மற்றொன்றை மறுக்க வேண்டியவனானான். கால்பந்தாட்ட உலகமோ அவ்விரு கடன்களையும் பிரித்து வைத்திருக்கின்றது. ஒருவர் எந்நாட்டுக் குழுவிலும் கூலிக்கு ஆடலாம். அவருடைய நாட்டார்க்கென்று ஆண்டில் சில நாட்கள் குறிக்கப்பட்டுள்ளன. அந்நாட்களில் நாட்டின் அழைப்பு வந்தால், கூலி கொடுக்கும் குழு அவரை விடுவித்தல் வேண்டும் என்பது உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதி. உழைப்பிற்கு ஒரு நாள். பிறப்பிற்கு ஒரு நாள். கர்ணனுக்கு அத்தகைய நாட்காட்டி வாய்க்கவில்லை.

ஆகவே, 2021 மார்ச்சு 27ஆம் நாள் ஷரீஃப் உதைத்த உதையும் 2024 மார்ச்சு 26ஆம் நாள் அவர் உதைத்த உதையும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல. முன்னது உண்ட சோற்றுக்கு. பின்னது பிறந்த மண்ணுக்கு. முன்னதைக் குறைவறக் கொடுத்தவர் என்பதனால்தான் பின்னதையும் குறைவறக் கொடுத்தார். அன்று குவஹாத்தியில் அவர் வேண்டுமென்றே பந்தைப் புறத்தே உதைத்திருப்பாராயின், நம்மவர் சிலர் மகிழ்ந்திருக்கலாம். ஆனால், கோழிக்கோட்டிலும் அவர் அங்ஙனம் ஒருநாள் செய்திருக்கக்கூடும் என்னும் ஐயம் அக்கணமே பிறந்திருக்கும். தன் நாட்டுக்கு உண்மையாய் இல்லாதவன் பிறர் நாட்டுக்கு உண்மையாய் இருப்பான் என்பதற்குப் பிணை யாது?

இரு கடன்களையும் இங்ஙனம் தீர்க்கும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. நாதியா நதீம் என்னும் அம்மையார் 1988இல் ஆப்கானிஸ்தானத்து ஹெராத் நகரிற் பிறந்தவர். படைத்தலைவராயிருந்த அவர் தந்தையாரைத் தாலிபான் 2000ஆம் ஆண்டிற் கொன்றது. தாயார் தம் ஐந்து பெண்மக்களோடு நாட்டை விட்டுத் தப்பி டென்மார்க்கை அடைந்தார். அங்கு அகதிகள் முகாமில் நாதியா பந்து உதைக்கப் பழகினார்; 2009 முதல் டென்மார்க்கின் தேசியக் குழுவில் ஆடினார்; 2017ஆம் ஆண்டு ஐரோப்பியப் போட்டியின் இறுதியாட்டத்தில் நெதர்லாந்திற்கு எதிராக முதற் கோலை அடித்தார். டென்மார்க் அன்று தோற்றதாயினும் அவர் புகழ் குன்றவில்லை. ஆட்டத்தின் இடையிலேயே மருத்துவமும் கற்று 2022இல் மருத்துவரானார். பிறந்த நாடு பெண்ணென்று வாயிலை அடைத்தது. புகுந்த நாடு திறந்தது. அவர் இரு கடன்களையும் ஒரே நாட்டிற்குச் செலுத்த நேர்ந்தது. அது அவர் குற்றமன்று. கடன் வாங்க மறுத்த மண்ணின் குற்றம்.

எம் ஊர்க் கோயிலைப் பற்றி ஒரு சொல். யாம் கிறிஸ்தவ இல்லத்திற் பிறந்தோமாயினும், அக்கோயிற் கதையைக் கேளாது வளர்ந்தார் எம் ஊரில் ஒருவரும் இலர். சங்கன், பதுமன் என்னும் நாகர் இருவர், சிவன் பெரியனோ திருமால் பெரியனோ என்று வழக்காடினர் என்றும், கோமதியம்மையின் தவத்திற்கிரங்கி இறைவன் ஒருபாதி சிவனாகவும் ஒருபாதி திருமாலாகவும் சங்கரநாராயணராய்த் தோன்றினார் என்றும் கூறுவர். ஆண்டுதோறும் ஆடித்தபசுத் திருவிழாவில் ஊர் முழுதும் திரண்டு நிற்பது அக்காட்சிக்காகவே. எப்பாதி பெரியது என்று கேட்டு வந்தவர்க்கு, இருபாதியும் ஓருருவில் நிற்றல் கூடும் என்பதே விடையாயிற்று. அத்தகைய ஊரிற் பிறந்த எங்களுக்கு, ஒரு மனிதர் நெஞ்சில் இரு நாடு இருத்தல் கூடும் என்பது விளங்காத பொருளாதல் தகுமோ?

இவ்வழக்கு ஓர் ஆப்கானியரோடு முடிவதாயின் இத்துணை விரிவாக எழுதியிரோம். இன்று தமிழ்நாட்டின் ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் உணவுச்சாலைகளிலும் பீகார், ஒடிசா, வங்காளம் முதலிய நாடுகளினின்று வந்த இளைஞர் பல்லாயிரவர் உழைக்கின்றனர். அவர்கள் மாலையிற் கூடித் தம் மொழியிற் பாடினாலும், தம் ஊர்க் குழு வென்றதற்கு ஆரவாரித்தாலும், நம் சோற்றைத் தின்றுகொண்டு என்று தொடங்கும் சொல் நம்மவர் சிலர் வாயில் எளிதாக வருகின்றது. அச்சொல்லைச் சொல்பவர், அதே சொல்லைத் தம் மகனோ தமையனோ வளைகுடா நாட்டிலோ கேரளத்திலோ கேட்டுக்கொண்டிருத்தல் கூடும் என்பதை நினைப்பாராக. உழைத்தானா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. உள்ளத்தை எங்கே வைத்திருக்கின்றான் என்று கேட்க உரிமையில்லை. பிறந்த ஊரை மறவாதவனிடத்தில்தான் புகுந்த ஊரும் நம்பிக்கை வைத்தல் கூடும்.

யாமும் கல்வி முடித்தபின் எவ்வூரில் உண்போம், எவ்வூரில் உழைப்போம் என்பதை இன்று சொல்லவல்லோம் அல்லோம். எங்குச் செல்லினும், அங்கு வாங்கும் கூலிக்கு ஒரு துளியும் குறையாது உழைக்கவும், தறியோசை கேட்கும் எம் தெருவை ஒரு நாளும் மறவாதிருக்கவும் உறுதி கொண்டுள்ளோம். உடன் பயிலும் நண்பர்களும் அங்ஙனமே உறுதி கொள்வாராக. அன்றிரவு இந்தியா தோற்றதில் எமக்கு வருத்தம் உண்டு. அவ்வருத்தம் இன்றும் முற்றும் நீங்கிற்றில்லை. ஆயினும், தமக்கெனக் களமில்லாத மக்கள் தொலைவில் இருந்து கண்டு மகிழ்ந்த அவ்வெற்றியை அவர்களுக்கு ஈட்டித் தந்தவர், நம் சோற்றை உண்டு நம்மவர்க்கும் கோப்பை ஈட்டித் தந்த அதே மனிதர் என்று எண்ணுந்தோறும், அவரை வாழ்த்தாதிருக்க எம் நெஞ்சம் ஒருப்படுவதில்லை.